தலையணையை எடுத்ததும் நீளத் தொடங்கிய கால்: ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஒரு முழங்காலின் 11 மாதங்கள்

முழங்கால் ஜவ்வு அறுவை முடிந்து ஆறாவது வாரத்தில் அவர், பிசியோதெரபிஸ்டான என் அறைக்குள் வந்தார். இரண்டு ஊன்றுகோலும் கையில் இருந்தன. குதிகால் தரையில் படவே இல்லை. முன்பாதத்தால் தொட்டுத் தொட்டு நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மேடம், மடக்க வரல. 90-க்கு மேல போகவே மாட்டேங்குது." உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

சரி, முதலில் காலை நீட்டுங்கள் என்றேன். நீட்டினார். அவர் முழங்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் என் கை தாராளமாக நுழைந்தது. மடங்காத காலைப் பார்த்து அவர் ஆறு வாரமாகப் பயந்துகொண்டிருக்கிறார். நீளாத காலை அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நிகழ்வை முழுதாக எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. இதே முழங்காலை நான் வேறு வேறு ஆட்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அடிபட்டதும் அறுவையும்

வயது 31. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, வார இறுதியில் பாட்மிண்டன். ஒரு ஆட்டத்தில் குதித்து இறங்கியபோது கால் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு பந்து போல வீங்கிவிட்டது. அடிபட்ட சில மணி நேரத்திலேயே முழங்கால் இப்படி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஏ.சி.எல். என்று நாம் சொல்லும் முன் சிலுவை ஜவ்வு அறுந்திருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி அது. எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது: ஜவ்வு முழுதாக அறுந்திருக்கிறது, மெனிஸ்கஸ் எனப்படும், மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு சேதமில்லை.

அடிபட்ட 18-ம் நாள் அறுவை. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்துப் புது ஜவ்வாக வைத்திருந்தார்கள். அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மெனிஸ்கஸில் தையல் போடவில்லை. அதனால் பாரம் ஊன்றவோ மடக்கி நீட்டவோ தடை எதுவும் இல்லை. அறுவை நன்றாகவே நடந்திருக்கிறது. எனக்குக் கவனிக்க வேண்டியதாகப் பட்டது ஒன்றுதான். அறுவைக்குப் போன நாளிலும் அவருக்கு வீக்கம் இருந்தது, கால் முழுதாக நீளவில்லை. வீங்கி விறைத்த மூட்டில் அறுவை செய்தால் பிற்பாடு விறைப்பு வரும் வாய்ப்பு கூடும். இது 1990-களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த விஷயம். அவசரம் இல்லாதபோது வீக்கம் வடிந்து கால் நீளும்வரை பல மருத்துவர்கள் காத்திருப்பது அதனால்தான்.

வீட்டில் என்ன செய்தீர்கள் என்று விவரமாகக் கேட்டேன். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நிறைய நேரம் ஒதுக்குவேன். காலை நேராக வைத்து மேலே தூக்கும் பயிற்சி, ஒரு நாளைக்கு 300 முறை. எண்ணி எண்ணிச் செய்திருக்கிறார். சாயங்காலம் வீட்டில் ஒருவர் காலைப் பிடித்து அழுத்தி மடக்கிவிடுவார், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். அப்புறம், தூங்கும்போது?

"முட்டிக்கு அடியில தலகாணி வச்சுக்குவேன். அது இல்லன்னா தூக்கமே வராது."

ஆறு வாரம், இரவெல்லாம் தலையணை. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கியிருக்கும்போதுதான் மூட்டு உறைக்குள் இடம் அதிகம், அழுத்தம் குறைவு. நீர் கோத்த மூட்டு தானாகவே அந்த நிலையைத் தேடிப் போகும். தலையணை அந்த இடத்தில் காலைத் தாங்கிப் பிடிக்கும், வலி அடங்கும். ஆனால் அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் பின்பக்க உறை சுருங்கி இறுகிவிடுகிறது.

அளந்து பார்த்தது

மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைக்க மூன்று எலும்பு மேடுகள் போதும்: இடுப்புக்கு வெளியே துருத்தும் மேடு, முழங்காலின் வெளிப்புற மேடு, கணுக்காலின் வெளிப்புற மேடு. அறுவை ஆன கால் நேர்கோட்டுக்கு 14 டிகிரி குறைவாக நின்றது. அடுத்த காலையும் அளந்தேன். அது நேர்கோட்டைத் தாண்டி 3 டிகிரி பின்னால் போனது. ஆக, இவருக்கு 0 டிகிரி என்பது முழு நீட்டல் அல்ல, உண்மையான குறை 17 டிகிரி. ஒரு காலை மட்டும் அளந்து குறித்துக்கொண்டால் இந்த 3 டிகிரி யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ஐ.கே.டி.சி. எனப்படும் சர்வதேச முழங்கால் மதிப்பீட்டில் அடுத்த காலோடு 3 டிகிரிக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால்தான் நீட்டல் 'இயல்பு' என்று கணக்கு. அந்தக் கோட்டுக்கு இவர் வெகு தூரத்தில் இருந்தார்.

மடக்கம் 92, நல்ல காலில் 142. காலை மேலே தூக்கச் சொன்னால் முழங்கால் இன்னும் 8 டிகிரி தொய்ந்தது. அதாவது நான் பிடித்து நீட்டினால் வருகிற அளவுக்குக்கூட அவருடைய சொந்தத் தசையால் நீட்ட முடியவில்லை.

வீக்கத்தைத் தடவிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. முழங்காலின் உள்பக்கத்தில் இருக்கும் நீரைக் கையால் மேலே தள்ளிவிட வேண்டும். பிறகு வெளிப்பக்கம் கீழ்நோக்கித் தடவினால் உள்பக்கத்தில் ஒரு சிற்றலை எழும்பும். இவருக்கு வெளிப்பக்கம் தடவ வேண்டிய தேவையே வரவில்லை. தள்ளிவிட்ட நீர் தானாகவே திரும்பி வந்து உள்பக்கத்தை நிரப்பியது. அது 2+ அளவு; எண் கூடக் கூட நீர் அதிகம் என்று அர்த்தம். முழங்கால் சில்லு மட்டத்தில் சுற்றளவு நல்ல காலைவிட 2.5 செ.மீ. கூடுதல், சில்லுக்கு 10 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு 3 செ.மீ. குறைவு. சில்லைப் பக்கவாட்டில் தள்ளினால் நகர்ந்தது. மேலே தள்ளினால் ஒட்டவைத்தது போல நின்றது.

புது ஜவ்வு உறுதியாக இருந்தது. கெண்டைக்காலில் வலியோ புது வீக்கமோ இல்லை, காய்ச்சல் இல்லை, தையல் தழும்புகள் சுத்தமாக ஆறியிருந்தன. இவற்றில் எது சந்தேகமாக இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். ரத்தக் கட்டியும் மூட்டுக்குள் கிருமித் தொற்றும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத விஷயங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை மரத்துப் போயிருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெட்டு விழுந்த இடத்தின் வழியே தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை அது. நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது. காலின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. இதை யாராவது ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

தசை ஏன் கேட்கவில்லை

"300 தடவ பண்றேன், தொடை இளச்சுக்கிட்டே போகுது" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது உண்மை. தசை இளைத்ததற்குச் சோம்பல் காரணமே இல்லை.

மூட்டு உறை நீரால் உப்பும்போது அதில் உள்ள உணர்வு நரம்புகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. தண்டுவடம் குவாட்ரிசெப்ஸ் எனப்படும் தொடை முன்தசைக்குப் போகும் கட்டளையை அங்கேயே குறைத்துவிடுகிறது. எவ்வளவு மன உறுதியோடு முயன்றாலும் தசையின் ஒரு பகுதி அணைந்தே கிடக்கும். நல்ல மூட்டுக்குள் திரவத்தை ஏற்றினாலே தொடைத் தசை பலமிழப்பதை 1965-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு நீர் போதும் என்று 1984-ல் அளந்தார்கள். சில்லுக்கு உள்பக்கம் மேலே இருக்கும் தசையை மட்டுப்படுத்த 20 முதல் 30 மி.லி. போதும், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். மற்றப் பகுதிகளுக்கு 50 முதல் 60 மி.லி. தேவைப்பட்டது. இவருடைய மூட்டில் இருந்ததோ கண்ணுக்கே தெரிகிற நீர்.

இந்த நிலையில் காலை 300 முறை தூக்கினால் தூக்குவது யார்? இடுப்பை மடக்கும் தசைகள். முழங்கால் தொய்ந்தபடியே மேலே போய்க் கீழே வருகிறது. தொய்ந்த காலைத் தூக்குவதில் அவர் ஆறு வாரம் பயிற்சி எடுத்திருந்தார். சாயங்காலத்து அழுத்தி மடக்கலோ தினமும் மூட்டைப் புதிதாக எரிச்சலூட்டி வீக்கத்தை வடியவிடாமல் வைத்திருந்தது.

எனவே வீக்கம் முதலில், நீட்டல் அடுத்து, தசையை எழுப்புவது கூடவே, மடக்கமும் பலமும் பிறகு என்று முடிவு செய்தேன். இந்த வரிசையில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. நடக்கும்போது காலை வீச 60, 65 டிகிரி மடக்கம் போதும். 1972-ல் அன்றாட வேலைகளை அளந்தவர்கள் படி ஏற சுமார் 83, நாற்காலியில் உட்கார 93, செருப்பு வார் கட்ட 106 என்று கண்டார்கள். அவரிடம் 92 இருந்தது, மீதியும் வந்துவிடும். நீட்டல் அப்படித் தானாக வருவதில்லை. நீளாத காலில் நிற்கும்போது தொடைத் தசைக்கு ஒரு நொடிகூட ஓய்வில்லை, சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், நடை நொண்டும். பல ஆண்டு கழித்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதும் நீட்டல் குறைந்த முழங்கால்களில் கூடுதல் என்று நீண்டகாலத் தொடர் கவனிப்புகள் காட்டியிருக்கின்றன.

முதல் நான்கு வாரங்கள்

அன்றே தலையணையை எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதிலாக ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் எதுவும் இல்லை, கால் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். 10 நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. முதல் நாள் அவரால் நான்கு நிமிடம்தான் தாங்க முடிந்தது. நான்கு போதும் என்றேன். இறுகிய உறை நீள்வதற்குப் பலத்தைவிட நேரம்தான் அதிகம் தேவை. மெல்லிய இழுப்பு, நீண்ட நேரம். வலித்துக் கத்துகிற அளவுக்கு அழுத்தினால் பின்தொடைத் தசை காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் மூட்டு வீங்கும். அழுத்தி மடக்கிவிடுவதை அன்றோடு நிறுத்தினோம். அந்த 300-ஐயும் நிறுத்தினோம்.

என்னிடம் வந்த இரண்டாவது வாரத்திலிருந்து குப்புறப் படுத்து, சில்லுக்குக் கீழே உள்ள பகுதியைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடச் செய்தேன். இதில் ஒரு வசதி, இரண்டு குதிகாலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். உயர வித்தியாசம் 1 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 1 டிகிரி. கோனியோமீட்டர் இல்லாமலே வீட்டில் அவரால் பின்தொடர முடிந்தது. சில்லை விரல்களால் மேல்நோக்கித் தள்ளி நகர்த்தவும் கற்றுக்கொடுத்தேன். கால் நீளும்போது சில்லு மேலே ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் தசை இழுத்தும் பயனில்லை.

தொடையை இறுக்கும் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்வதில் தவறிப்போவது இங்கேதான். முதலில் நல்ல காலில் செய்யச் சொன்னேன். அவர் ஆள்காட்டி விரலைச் சில்லின் மேல் விளிம்பில் வைத்தேன். "இறுக்குங்க. சில்லு உங்க விரல முட்டிக்கிட்டு மேல போகுதா?" போனது. அடுத்து அறுவை ஆன கால். முகம் சிவந்தது, புட்டம் இறுகியது, குதிகால் கட்டிலை அழுத்தியது. சில்லு அசையவில்லை. இதுவரை அவர் 'தொடையை இறுக்குகிறேன்' என்று நினைத்துச் செய்ததெல்லாம் புட்டத்தையும் பின்தொடையையும் இறுக்கியதுதான்.

மெல்லிய மின்சாரத்தால் தசையைச் சுருங்கவைக்கும் மின்தூண்டலைச் சேர்த்தோம். முழங்காலை 60 டிகிரியில் பட்டையால் கட்டி நிறுத்தி, தொடையில் இரண்டு பெரிய மின்பட்டைகளை ஒட்டி, 10 விநாடி தூண்டல், 50 விநாடி ஓய்வு, 10 முறை. இதில் தாங்க முடிந்த உச்சம்வரை கூட்டாமல் வெறும் கூச்சம் எழும் அளவில் நிறுத்திவிட்டால் பலன் மிகக் குறைவு. அதை முன்கூட்டியே சொல்லி, கருவியின் குமிழை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தூண்டல் வரும்போது தானும் சேர்ந்து இறுக்க வேண்டும்.

நான்காவது அமர்வில், கருவியை நிறுத்திய பிறகு, வெறுமனே இறுக்கச் சொன்னேன். சில்லு நகர்ந்தது. மிஞ்சிப்போனால் அரை சென்டிமீட்டர் இருக்கும். அவர் எதுவும் பேசவில்லை. விரலை அதே இடத்தில் வைத்து மறுபடி இறுக்கினார், மறுபடி இறுக்கினார். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஊன்றுகோலை விட்டுவிட அவருக்கு ஆசை. நான் தடுத்தேன். நொண்டி நடந்தால் நொண்டுவதையே கால் கற்றுக்கொள்ளும். குதிகால் முதலில் பட்டு, முழங்கால் நீண்டு, பிறகு பாரம் ஏறும் நடை வரும்வரை ஒரு ஊன்றுகோலாவது வேண்டும். இடையில், காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே மடக்கத்தில் கிடைத்த கூடுதல் சுமார் 2 டிகிரிதான். அதோடு, இவருக்கு வேண்டியது தசையின் விழிப்பு, அதை இயந்திரம் தராது.

அறுவைக்குப் பின் எட்டாவது வாரம்: நீட்டலில் குறை 6 டிகிரி, தொய்வு இல்லை, நீர் 1+. மடக்கம் 112. யாரும் அழுத்தாமலே 20 டிகிரி கூடியிருந்தது. வீக்கம் வடிந்தபோது மடக்கமும் கூடவே வந்தது.

பத்தாவது வாரம்

குடும்ப நிகழ்ச்சி ஒன்றுக்காக நாள் முழுக்க நின்றிருக்கிறார், நடந்திருக்கிறார். கைபேசியில் 11,000 அடிகள். வழக்கம் 4,000 சொச்சம். இரண்டு நாள் கழித்து வந்தபோது நீர் மறுபடி 2+. நீட்டலில் 4 டிகிரி போய்விட்டது. சில்லில் விரல் வைத்து இறுக்கச் சொன்னேன், அசைவே இல்லை. தசை மறுபடி அணைந்திருந்தது. ஒரு மாத உழைப்பு இரண்டு நாளில் போய்விட்டதே என்று அழுதுவிட்டார்.

இதில் என் தவறு உண்டு. 'முடிந்த அளவு நடங்க' என்று சொல்லியிருந்தேன். ஆர்வமாக இருப்பவருக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, எண் கொடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கொடுத்தேன். தினமும் காலையில் எழுந்ததும் சில்லு மட்டத்தில் அளவு நாடாவால் சுற்றளவு. முந்தைய நாளைவிட 1 செ.மீ. கூடினால் அன்றைய நடையும் பயிற்சியும் பாதி. பயிற்சியின் வலி 24 மணி நேரம் தாண்டியும் இருந்தால் அடுத்த முறை ஒரு படி கீழே. வாரத்துக்கு 500 அடிகளுக்கு மேல் கூட்டக் கூடாது. அவர் ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒன்பது நாளில் பழைய இடத்துக்குத் திரும்பினார். போன மாதத்து உழைப்பு எங்கும் போய்விடவில்லை, வீக்கம் அதை மறைத்திருந்தது.

11-ம் வாரத்தில் நீட்டல் 4 டிகிரி குறையில் நின்றுவிட்டது. இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிலருக்குப் புது ஜவ்வின் முன்னால் தழும்புத் திசு ஒரு முடிச்சாகத் திரண்டுவிடும். ஒற்றைக்கண் அரக்கனின் பெயரால் அதை 'சைக்ளாப்ஸ்' என்கிறார்கள், 1990-ல் விவரிக்கப்பட்டது. கதவிடுக்கில் மாட்டிய கல் போல அது நீட்டலைத் தடுக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு நீட்டினாலும் பலனில்லை, துளை அறுவையில் அதை எடுத்துவிட வேண்டியதுதான். இவருடைய காலை நீட்டிக் கடைசியில் அழுத்தியபோது இழுப்பு பின்பக்கம்தான் தெரிந்தது. முன்பக்கம் நசுங்கும் வலி இல்லை, 'டக்' என்ற தட்டல் இல்லை, ரப்பர் போலத் திருப்பித் தள்ளவும் இல்லை. அறுவை மருத்துவருக்கு அளவுகளோடு எழுதினேன். அவர் பரிசோதித்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பாருங்கள், நகரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார். நகர்ந்தது. 13-ம் வாரம் 0. 15-ம் வாரம் நேர்கோட்டைத் தாண்டி 2 டிகிரி.

பலம்: இரண்டு எடைக்கருவிகள்

நான்காம் மாதம். கால் நீள்கிறது, மடக்கம் 134, வீக்கம் இல்லை. "நார்மல் ஆயிட்டேன் மேடம்" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது. இரண்டு காலிலும் நின்று உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை ஒரு மாதமாக ஒழுங்காகச் செய்துவந்தார்.

வீட்டு எடைக்கருவிகள் இரண்டைத் தரையில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்தை வைத்து ஸ்குவாட் செய்யச் சொன்னேன். உடல் எடை 60 கிலோ. கீழே இறங்கியபோது நல்ல கால் 38 காட்டியது, அறுவை ஆன கால் 22. கண்ணாடியில் பார்த்தால் சாய்வே தெரியவில்லை. அவருக்கும் சமமாக நிற்பது போலத்தான் உணர்வு. ஒரு மாதமாகப் பலமடைந்துகொண்டிருந்தது நல்ல கால்தான்.

பட்டையால் சுவரோடு கட்டிய விசைமானியில் தொடை முன்தசையை அளந்தேன்: நல்ல காலோடு ஒப்பிட்டால் 57 சதவீதம். அதனால் ஒற்றைக்காலில் செய்யும் பயிற்சிகளுக்கு மாறினோம். ஒற்றைக்காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், படியிலிருந்து மெல்ல இறங்குதல், உட்கார்ந்து எடையோடு காலை நீட்டுதல். கடைசியில் சொன்னதற்குப் பலர் பயப்படுகிறார்கள், புது ஜவ்வை இழுத்துவிடும் என்று. கடைசி 40 டிகிரி வாக்கில் இழுப்பு கூடுவது உண்மை. அதனால் 90-க்கும் 45-க்கும் நடுவில் தொடங்கினேன், பாரத்தை மெல்ல ஏற்றினேன், வாரங்கள் செல்லச் செல்ல மட்டுமே முழு வீச்சுக்குத் திறந்தேன். இந்தப் பயிற்சியை அடியோடு விட்டுவிட்டால் தொடை முன்தசைக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். மற்ற எல்லாப் பயிற்சியிலும் இடுப்பும் கணுக்காலும் அதன் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பாரம் கனமாக இருக்க வேண்டும் என்பதிலும் நான் உறுதி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்காலும் தொடையும் அடிபட்ட வீரர்களுக்கு லேசான எடையில் நூற்றுக்கணக்கில் செய்யவைப்பதை விட்டு, கனமான எடையைக் குறைந்த முறை தூக்கவைத்தார். வாராவாரம் எடையைக் கூட்டினார். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். 80 ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தூக்குபவர்களைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. இவருக்கு வாரம் மூன்று நாள், நான்கு சுற்று, சுற்றுக்கு 6 முதல் 8 முறை. முடிக்கும்போது இன்னும் இரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற அளவு கனம். மறுநாள் காலை சுற்றளவு கூடவில்லை என்றால் அடுத்த வாரம் எடை கூடும்.

ஐந்தாம் மாதம் ஓடட்டுமா என்று கேட்டார். என் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறியிருந்தன, ஒன்றைத் தவிர: தசைப் பலம் 70 சதவீதத்தைத் தொடவில்லை. காத்திருந்தோம். ஆறாம் மாதம் 73 ஆனது, அன்று ஓடினார், நிமிடம் ஓட்டம் நிமிடம் நடை என்று.

எட்டாம் மாதம் ஒற்றைக்காலில் தாவும் சோதனைகள். தாவிய தூரம், நல்ல கால் தாவியதில் 95 சதவீதம். அவருக்கு ஒரே உற்சாகம். ஆனால் அதே வாரம் தொடைப் பலம் 84-தான். வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். இறங்கும்போது உடம்பை முன்னால் சாய்த்து இடுப்பால் அதிர்ச்சியை வாங்குகிறார், முழங்கால் மடங்கவே இல்லை. தாண்டிய தூரத்தை மட்டும் நம்பி ஆட்டத்துக்கு அனுப்பியிருந்தால் தவறாகியிருக்கும். இன்னொன்றும் உண்டு. நல்ல காலும் இத்தனை மாதத்தில் கொஞ்சம் பலமிழந்திருக்கும். அதனால் சதவீதத்தோடு உடல் எடைக்கு ஏற்ற பலம் வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்த்தேன்.

ஒன்பதாம் மாதம் 92 சதவீதம். அதற்கு முன்பே பலமுறை, "ஒன்னும் வலிக்கலையே, ஏன் விடமாட்டேங்கறீங்க" என்று கேட்டிருக்கிறார். புது ஜவ்வுக்கு உள்ளே ரத்த நாளங்கள் வளர்ந்து, திசு மாறி, உறுதிப்பட மாதங்கள் ஆகின்றன. அந்த வேலை நடக்கும்போது வலி எதுவும் தெரியாது. 2016-ல் வெளிவந்த டெலவர்-ஆஸ்லோ ஆய்வில், 9 மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் விகிதம் சுமார் பாதியாகக் குறைந்தது. அதைச் சொன்னதும் சரி என்று விட்டார். பத்தாம் மாதம் பயிற்சி ஆட்டம். முதலில் முன்னும் பின்னும் மட்டும், அப்புறம் பக்கவாட்டு, கடைசியாகக் குதித்து அடிப்பது. அடிபட்ட அதே அசைவில் இறங்க மூன்று வாரம் தயங்கினார். அவசரப்படுத்தவில்லை. தாழ்வான பெட்டியிலிருந்து இறங்குவதில் தொடங்கி, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

11-ம் மாதம்

கடைசி அளவுகள்: நீட்டல் நேர்கோட்டைத் தாண்டி 3 டிகிரி, மடக்கம் 139, நீர் இல்லை, தொடைச் சுற்றளவில் இன்னும் 1 செ.மீ. குறை. தொடை முன்தசை 94 சதவீதம். முட்டி போட்டு உட்கார்ந்தால் தழும்பில் கூச்சம் இருக்கிறது. மரத்த பட்டை சுருங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி தொடரும்.

கிளம்புவதற்கு முன் அவரே கட்டிலில் குப்புறப் படுத்து, கால்களை விளிம்புக்கு வெளியே விட்டார். "குதிகால பாருங்க மேடம்" என்றார். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மட்டம். கைபேசியை நீட்டி ஒரு படம் எடுக்கச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, முழங்கால் பட்டையைக்கூட மாட்டாமல், படிகளில் ஒவ்வொரு காலாக மாற்றி வைத்து இறங்கிப் போனார்.